அலை போகட்டும்

புயலில் இடிந்த கிழக்குச் சுவரை அந்தச் சின்னப் பல்கலைக்கழகம் திரும்பக் கட்டவே இல்லை. முதலில் வசதியில்லை, பிறகு மனசில்லை. கடலைப் பார்த்துத் திறந்து கிடக்கும் வகுப்பறைகளில் அலை அடிக்கும்போது ஒன்றும் கேட்காது. அதனால் பாடம் நடத்துகிறவர் பாதி வாக்கியத்தில் நிறுத்துவார். பிள்ளைகள் பேனாவைத் தாளிலிருந்து தூக்கிப் பிடித்துக் காத்திருப்பார்கள். அலை போனதும் விட்ட இடத்திலிருந்து பேச்சு தொடரும். வருஷக்கணக்காக அங்கே அதுதான் பழக்கம்.

வேதியியல் நடத்த வந்த திலகவதிக்குத் திக்குவாய். முந்தைய கல்லூரியில் சிரித்துச் சிரித்தே விரட்டியிருந்தார்கள். இங்கே சொல் சிக்கும்போதெல்லாம் ஓர் அலை வந்து காப்பாற்றியது. யாருக்கும் தெரியவில்லை என்றே நம்பியிருந்தாள்.

அன்றைக்குக் கடல் குளம் மாதிரிக் கிடந்தது. “பொ... பொ... பொட்...” சொல் தொண்டையிலேயே நின்றுவிட்டது. நிமிர்ந்து பார்த்தாள். அத்தனை பேனாக்களும் தாளுக்கு மேலே நின்றன.

“அலை போகட்டும் மேடம்” என்றாள் முன்வரிசைப் பெண், அசையாத கடலைப் பார்த்தபடி.