ஜீப்புக்கு ஒரு வின்ச்

நெய்வேலி மைன்ஸில் ரிட்டயர் ஆன மருதமுத்து, பண்ருட்டிக் கடையொன்றில் தன் பழைய ஜீப்புக்கு வின்ச் பார்த்துக்கொண்டிருந்தார். சேற்றில் மாட்டிய வண்டியை இரும்புக் கயிற்றால் இழுத்தெடுக்கும் கருவி அது.

“ஜீப்பை அடிக்கடி எடுப்பீங்களா?” என்றார் கடைக்காரர் நிஜாமுதீன்.

“மாசத்துல ஒருக்கா எடுத்தாலே அதிகங்க.”

“சேத்துல மாட்டியிருக்கா?”

“இதுவரைக்கும் இல்லீங்க.”

“அப்ப கையால சுத்தற சின்னதே போதும் சார். பேட்டரியில ஓடற பெரிசு எதுக்கு?”

“பெரிசே குடுங்க.” மருதமுத்து அலுப்போடு ஸ்டூலில் உட்கார்ந்தார்.

“உங்க ஜீப்பு எடைக்கு அது ரொம்ப ஜாஸ்தி சார்.”

“ஜீப்பை இழுக்கறதுக்கு இல்லீங்க. குவார்ட்டர்ஸைக் காலி பண்ணிட்டு முந்திரிக்காட்டுப் பக்கம் வூடு கட்டினேன். போன மழையில எங்க தெருவுல ஆம்புலன்ஸ் சேத்துல புதைஞ்சிடுச்சு. ஜீப்புல கயிறு கட்டி இழுத்தேன். அறுந்துபோச்சு. ஆஸ்பத்திரி போறதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிடுச்சு.”

நிஜாமுதீன் தயங்கினார். “உள்ள இருந்தது யாருங்க?”

“என் சம்சாரம்.”

நிஜாமுதீன் பெரிய வின்ச்சை எடுத்து மேசைமேல் வைத்தார்.

“பக்கத்து வூட்டுப் பொண்ணுக்கு ஐப்பசியில பிரசவம்” என்றார் மருதமுத்து. “மழைக்கு முன்னாடி மாட்டிடணுங்க.”