மிதிக்காத பெடல்

அக்கம்பக்கத்துக்குச் சத்தம் போகாது என்று சொன்னதால்தான் அருமைநாயகம் அந்த எலக்ட்ரானிக் டிரம்ஸை வாங்கினார். பலகைத் தரை போட்ட மாடி வீட்டில் அதை நிறுத்தி, வயரைக் கம்ப்யூட்டரில் செருகி, பதிவுப் பொத்தானை அழுத்தினார். அப்புறம்தான் குச்சிகள் அலமாரியில் இருப்பது நினைவுக்கு வந்தது. எடுக்கப் போனவர், போன கையோடு தேநீரும் போட்டு, ஜன்னலோரம் நின்று குடித்துவிட்டு வந்து பார்த்தால், திரை முழுக்கப் புள்ளி புள்ளியாக அடிகள் பதிவாகியிருந்தன.

கடைக்குப் போன் செய்தார்.

“வீட்ல யாராச்சும் நடந்தாங்களா சார்?” என்றார் கடைக்காரர். “தரை அதிர்ந்தா அதையும் அடின்னு எடுத்துக்கும். சென்சிட்டிவிட்டியக் கொறச்சு வைங்க, சரியாப் போயிடும்.”

“நான் மட்டுந்தான் இருக்கேன்.”

“அப்ப நீங்க நடந்ததுதான் சார்.”

ஹெட்போனை மாட்டிக்கொண்டு பதிவை ஓடவிட்டார். தும், தும் என்று, பெடலை மிதித்தால் எழும் பெரிய டிரம்மின் ஒலியில் யாரோ அடுப்படிக்குப் போனார்கள். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு ஜன்னல் வரைக்கும் போய் நின்றுவிட்டுத் திரும்பினார்கள். கேட்டு முடித்ததும் அவர் சென்சிட்டிவிட்டியைக் கடைசிவரை ஏற்றி வைத்தார்.

இப்போதெல்லாம் காலையில் பதிவுப் பொத்தானை அழுத்திவிட்டுத்தான் வீட்டு வேலை பார்க்கிறார். குச்சிகளை இன்னும் உறையிலிருந்து எடுக்கவில்லை. சாயங்காலமானால் ஹெட்போனோடு டிரம்ஸுக்கு முன்னால் கிடக்கும் பெஞ்சில் உட்கார்ந்துவிடுகிறார். இன்றைக்கும் பதிவில் அடுப்படியிலிருந்து கிளம்பிய காலடி நெருங்கி நெருங்கி வந்து, அவர் முதுகுக்குப் பின்னால் நின்றது. திரும்பிப் பார்க்காமலேயே அவர் பெஞ்சில் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டார்.