பழசு முன்னால், புதுசு பின்னால்

இருந்தவர்கள்: அத்தான், அக்கா, நான். அப்புறம், ஓவனிலிருந்து வெளியே வந்து பலகையின் மேல் ஓய்வெடுத்துக்கொண்டிருந்த ஒரு முழுக் கோழி.

கோழி ஓய்வை முடிக்கும்வரை யாரும் உட்காரக் கூடாது. சூட்டோடு வெட்டினால் சாறெல்லாம் பலகைக்குப் போய்விடுமாம். பசியோடு சுற்றி நின்று, துக்க வீட்டில் நிற்பதுபோல் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

அத்தான் லிஃப்ட் பழுதுபார்ப்பவர். பெரிய ஹோட்டல் செஃப் ஒருவர், வீட்டுச் சமையலைத் தொழில்முறையில் செய்வது எப்படி என்று வீடியோ போடுகிறார். அதைப் பார்க்க ஆரம்பித்த நாளிலிருந்து அத்தான் வேறு ஆள்.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். சாப்பாடு நன்றாகிவிட்டது.

வெங்காயம் ஒரே அளவில் விழுந்தது. உப்பு கடைசியில் கொட்டப்படாமல், ஒவ்வொரு கட்டத்திலும் கொஞ்சம் கொஞ்சமாகப் போனது. தட்டுகள் சூடாக வந்தன. வெந்நீர் மாதிரி இருந்த சூப்புக்கு முதல் முறையாக ஒரு ருசி வந்தது.

வீடுதான் கெட்டுப்போனது.

அத்தான் எது சொன்னாலும் “சரி, செஃப்” என்று பதில் சொல்ல வேண்டும். குளியலறையிலிருந்து துண்டு கேட்டாலும் அதே பதில்தான். யாருக்காவது பின்னால் கடந்து போனால் “பின்னாடி!” என்று கத்த வேண்டும். அக்கா துவைத்த துணியைத் தூக்கிக்கொண்டு கத்தியபடியே வீட்டைச் சுற்றிவந்தாள்.

அப்புறம் டேப் வந்தது.

ஃபிரிட்ஜுக்குள் போகும் ஒவ்வொரு டப்பாவிலும் காகித டேப் ஒட்டி, உள்ளே வந்த தேதியை எழுத வேண்டும். பழசு முன்னால், புதுசு பின்னால். முதலில் வந்தது முதலில் போக வேண்டும். நல்ல பழக்கம்தான். ஆனால் டேப் ஃபிரிட்ஜோடு நிற்கவில்லை. குடைக்கு ஒட்டினார். தலையணைக்கு ஒட்டினார். சுவரில் தொங்கிய நாள்காட்டிக்கும் தேதி எழுதி ஒட்டினார்.

இன்றைக்குக் கோழி ஓய்வெடுக்கும் நேரத்தில், என் சட்டைப் பையின் மேல் ஒட்டினார்.

‘மச்சினன்’ என்று எழுதியிருந்தது. கீழே, இரண்டு நாள் இருந்துவிட்டுப் போகிறேன் என்று நான் வந்து சேர்ந்த தேதி. அதற்கும் கீழே, ‘அகற்ற வேண்டியது: இன்று’.

மீன் கிடங்கில் பார்த்த இரவு வேலையை விட்டுவிட்டு வந்தவன் நான். வேலையோடு தங்கியிருந்த அறையும் போயிருந்தது. இங்கிருந்து கிளப்பினால் பஸ் நிலையத்து பெஞ்சுதான்.

“கோவிச்சுக்காத மாப்ள. உன் மேல எனக்கு ஒண்ணும் இல்ல. சரக்கு தேங்கக் கூடாது, அவ்வளவுதான்.”

“சரி, செஃப்” என்றேன். வாய் பழகிவிட்டது.

அக்கா கரண்டியைக் கீழே வைத்தாள்.

“என்னங்க, உங்க முறைப்படியே இது தப்பாச்சே. கடைசியா வந்தவன் இவன். பழசு இருக்கும்போது புதுசுல கை வைக்கலாமா?”

இரண்டு மாடிகளுக்கு நடுவில் நின்றுபோன லிஃப்ட் மாதிரி ஆனது அத்தானின் முகம். போன வாரம்தான், பழைய பால் இருக்கப் புதுப் பாக்கெட்டை உடைத்ததற்காக அவளைக் காய்ச்சி எடுத்திருந்தார்.

டேப்பைக் கிழித்தார். இந்த வீட்டுக்குக் குடிவந்த தேதியை எழுதித் தன் சட்டையில் ஒட்டிக்கொண்டார். இன்னொன்று கிழித்து அக்காவுக்கும் எழுதினார். இரண்டிலும் ஒரே தேதி.

நிம்மதியாக மூச்சு விட்டார். இரண்டு பழசும் ஒரே நாளில் வந்திருந்தால் எதை முதலில் எடுப்பது என்பதற்கு, அவருடைய செஃப்பின் வீடியோக்களில் வழி இருந்ததாகத் தெரியவில்லை.

“ஒரே நாள்தான். ஆனா காலைல வந்தது நான். சாவி வாங்கி, தரையெல்லாம் கழுவி விட்டேன். நீங்க கட்டிலோட சாயங்காலம்தானே வந்தீங்க?” என்றாள் அக்கா.

அத்தான் யோசித்தார். நியாயமான மனிதர். அவள் பெயருக்கு எழுதிய டேப்பில் ‘காலை’ என்று சேர்த்தார். அவள் தோளில் ஒட்டி, சுருக்கம் விழாமல் கட்டை விரலால் நீவி விட்டார்.

அவர் சிரிப்பார் என்று காத்திருந்தேன். சிரிக்கவில்லை. அக்காவும் சிரிக்கவில்லை.

“விடு அக்கா, நானே போறேன்” என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அவளுக்கு அடுத்தது அத்தான், அவருக்கும் அடுத்ததுதான் நான். வாயைத் திறக்கவில்லை.

அக்கா ஏப்ரனை அவிழ்த்து நான்காக மடித்து, அத்தான் கையில் கொடுத்தாள். கோழியை எந்தப் பக்கமிருந்து வெட்ட வேண்டும் என்று அவர் கேட்டதற்கு, கால் பக்கம் என்றாள். ஆணியில் மாட்டியிருந்த தோள்பையை எடுத்தாள். அது அவ்வளவு கனமாக இருக்கும் என்று நான் நினைக்கவில்லை.

வாசலில் செருப்பு மாட்டுவதற்காக அவள் நிற்கவில்லை.

காலையிலிருந்தே ஷூ போட்டிருந்தாள். நீண்ட தூரம் நடக்கப் போடுகிற, லேஸ் கட்டிய ஷூ. காலையில் அதைப் பார்த்து அத்தான் பூரித்துப்போயிருந்தார். சமையலறையில் பாதம் மூடிய ஷூதான் போட வேண்டுமாம். ஒருவழியாக உன் அக்காவுக்கும் தொழில் பிடிபட்டுவிட்டது என்று என்னிடம் சொன்னார்.

படிகளில் அவள் இறங்கும் சத்தம் கேட்டது. அவசரமே இல்லாத சத்தம்.

ஒன்றை வெளியே எடுத்த பிறகு கதவைத் திறந்துபோட்டு நிற்கக் கூடாது, உள்ளே இருப்பது கெட்டுவிடும் என்றார் அத்தான்.

சாத்தினார். பூட்டினார்.