மூன்று படம், ஒரு சிரிப்பு

"இந்த உலகத்துல அந்த நடிகையோட சிரிப்புக்கு மயங்காத ஆம்பளை ஒரே ஒருத்தன்தான். அவன் உன் முன்னாடி நிக்கிறான்" என்றார் பல் டாக்டர்.

இதை அவர் வேடிக்கையாகச் சொல்லவில்லை. பல்லைக் குடையும் மெஷினைக் கையில் வைத்துக்கொண்டு யாரும் எதையும் வேடிக்கையாகச் சொல்வதில்லை.

நாற்காலியில் வாயைப் பிளந்து கிடந்த லாரி டிரைவர் இதற்குக் கடுமையாக மறுப்புத் தெரிவித்தார். வெளியே "ஆ" என்று மட்டும் கேட்டது.

டாக்டருக்குப் பஞ்சு எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தவள் அவருடைய மனைவியின் தங்கை. அந்தக் கிளினிக்கின் ஒரே உதவியாளர். அவளுக்கு வெள்ளிக்கிழமை லீவு வேண்டும்.

"மாமா, ஒரே நாள்ல அவங்க படம் மூணு ரிலீஸ். கிரகணம்கூட இதைவிட அடிக்கடி வரும். காலைல ஒண்ணு, மத்தியானம் ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு. என் காலேஜ் செட்டு மொத்தமும் டிக்கெட் போட்டாச்சு. நான் வரலைன்னா குரூப்ல இருந்தே தூக்கிடுவாளுங்க."

"தூக்கட்டும். காலைல இருந்து ராத்திரி வரைக்கும் உக்காந்து என்னத்தைப் பாக்கப் போற?"

"அவங்க சிரிப்பை."

"சிரிப்புன்னா என்ன? உதட்டை விலக்கினா பல்லு தெரியும், அவ்வளவுதான். அதை நான் தினமும் பாக்கறேன். இப்பக்கூட இவரோடதைப் பாத்துக்கிட்டுதான் இருக்கேன். மயங்கியா விழுந்துட்டேன்?"

லாரி டிரைவரின் கண்களில் லேசான வருத்தம் தெரிந்தது.

"முதல் தடவை அவங்க சிரிக்கும்போது தியேட்டரே எந்திரிச்சு நின்னு விசிலடிக்கும் மாமா. உங்களுக்கு எங்க தெரியப்போகுது."

"ரெண்டு விரலை வாய்க்குள்ள விடற உரிமை பல் டாக்டருக்கு மட்டும்தான் உண்டு. அதுவும் அடுத்தவன் வாய்க்குள்ள. தன் வாய்க்குள்ளயே விட்டுக்கிறவனுக்கு வைத்தியம் பண்ண வேண்டிய இடம் வேற" என்று புறங்கையால் தன் நெற்றியைச் சுட்டிக் காட்டினார் டாக்டர்.

அவள் விடவில்லை. "நான் கேட்டா மட்டும் இப்படி. அன்னிக்கு மழை நாள்ல மட்டும், வேண்டாம் வேண்டாம்னு சொல்லியும் மத்தியானமே என்னை வீட்டுக்குத் துரத்திட்டு ஷட்டரை இறக்கினீங்களே, அது என்னவாம்?"

"அன்னிக்குக் கரண்ட் வேலை நடந்துச்சு" என்ற டாக்டர் திடீரென்று கடவாய்ப் பல்லில் மூழ்கினார்.

அவள் போனில் போஸ்டரை எடுத்து அவர் முகத்துக்கு நேராக நீட்டினாள். "இதைப் பாத்துட்டாவது மனசு இரங்குங்க."

டாக்டர் பார்த்தார். ஒரு போஸ்டருக்குத் தேவையானதைவிடக் கொஞ்சம் அதிக நேரம் பார்த்தார்.

"கலர் தெரியாதவன் அடிச்ச போஸ்டர். பல்லு இவ்வளவு மஞ்சளாவா இருக்கும்?"

"ரெண்டு படம் பழசு மாமா. எடுத்து முடிச்சு வருஷக்கணக்கா முடங்கிக் கிடந்தது. சாயங்காலம் வர்றதுதான் புதுசு. அதுல வில்லன் அவங்களைக் கம்பத்துல கட்டிப்போட்டுடறான். அவங்க கயிறைப் பல்லாலயே கடிச்சு அறுக்கறாங்களாம். டூப்பே கிடையாது."

டாக்டரின் கையிலிருந்த குட்டிக் கண்ணாடி தட்டில் விழுந்தது.

"எந்தப் பக்கம்?"

"கம்பத்துக்கு எந்தப் பக்கமா?"

"விடு. கயிறு என்ன தடிமன்?"

"டிரெய்லர்ல பாத்தா, கப்பலைக் கட்டலாம்."

டாக்டரின் வாய் திறந்தது. லாரி டிரைவரின் வாயும் அப்படியே திறந்து கிடந்தது.

"வெள்ளிக்கிழமை கிளினிக் கிடையாது" என்றார் கடைசியில். "நாற்காலிக்கு சர்வீஸ் பண்ணணும்."

லாரி டிரைவர் எழுந்து, வாயைக் கொப்பளித்து, இவ்வளவு நேரம் அடக்கி வைத்திருந்ததைச் சொன்னார்:

"எனக்குக் காலை ஷோ, டாக்டர்."

வெள்ளிக்கிழமை சாயங்காலம், மூன்றாவது படம் ஆரம்பிக்கும்போதே அவளுக்கும் தோழிகளுக்கும் தொண்டை கட்டிவிட்டது. இடைவேளைக்குப் பிறகு அந்தக் காட்சி வந்தது. கம்பம். கயிறு. தியேட்டர் மூச்சைப் பிடித்துக்கொண்டது. நடிகை கயிற்றை நோக்கிக் குனிந்தார்.

முன்வரிசையில் ஒருவர் எழுந்தார். தலையில் தொப்பி, முகத்தில் பாதியை மறைத்த மாஸ்க்.

"வலது பக்கம் வேண்டாம்மா. இடது பக்கமாக் கடிம்மா" என்றார், மன்றாடும் குரலில்.

"உக்காருய்யா" என்று பின்னால் நாலைந்து பேர் கத்தினார்கள்.

'நல்லா வாயைத் திறங்க' என்று தினமும் கேட்கும் குரல் அது. அவள் குனிந்தபடியே நகர்ந்து போய்ப் பக்கத்தில் காலியாக இருந்த இருக்கையில் உட்கார்ந்தாள்.

"நாற்காலி சர்வீஸ் எல்லாம் எப்படிப் போகுது மாமா?"

அவர் திரும்பவில்லை. அவள் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். திரையில் நடிகை கடித்தார். வலது பக்கமாகவேதான் கடித்தார். கயிறு இழை இழையாகப் பிரிந்தது. டாக்டர் கண்ணை மூடிக்கொண்டார். தியேட்டர் அதிர்ந்தபோது திறந்தார். கயிறு அறுந்து கிடந்தது. நடிகை திரை கொள்ளாமல் சிரித்துக்கொண்டிருந்தார்.

"தாங்கிடுச்சு" என்றார் டாக்டர். "மேல் வரிசை, வலது பக்கம் மூணாவது. அந்த மழை நாள்ல நான் கட்டின பல்லு."

பிறகு மாஸ்க்கைத் தாடைக்கு இறக்கிவிட்டு, யாரும் கவனிக்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு, இரண்டு விரலைத் தன் வாய்க்குள்ளேயே விட்டார்.