பெட்டிக்குள் மேனேஜர்

“உலகத்து ஞாபகத்தையெல்லாம் கொண்டுவந்து கொட்டினாலும் என் கம்ப்யூட்டர்ல பாதி இடம் காலியாத்தான் கிடக்கும். செத்த பூனையைக்கூட அது மறக்கல” என்கிறார் ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். அவர் மனைவி கம்ப்யூட்டர் பெட்டியின் தலையில் கிடக்கும் சின்ன மெத்தையைத் தடவுகிறாள். நாள் முழுக்கத் தூங்கியே பிழைத்ததால் ‘மேனேஜர்’ என்று பெயரெடுத்த பூனை, போன வாரம் சாகும்வரை அதில்தான் படுத்திருந்தது. இப்போது பெட்டிக்குள்ளிருந்து அதே குர்ர்ர். அதைக் கேட்டால்தான் அவளுக்குச் சோறு இறங்குகிறது.

“அது டிஸ்க் சத்தம்ப்பா” என்கிறாள் மகள். “ராம் மெமரி கொட்டிக் கிடக்குது. அப்படியும் விர்ச்சுவல் மெமரின்னு டிஸ்க்ல எதையாவது எழுதிட்டே இருக்கு. அதை நிறுத்திட்டா உங்க மேனேஜர் ராஜினாமாதான்.”

“வேண்டாம்டி” என்று அம்மா சொல்வதற்குள் மவுஸ் சொடுக்கிவிடுகிறது. கம்ப்யூட்டர் அணைந்து மறுபடி எழுகிறது. திரைச்சீலை இடுக்கில் மாலை வெயில். டிஸ்க் விளக்கு மினுங்கவில்லை. குர்ர்ர் இல்லை. அடுத்த தெரு எறும்பு தும்மினாலும் கேட்கும்போல் அத்தனை அமைதி. வாய் ஓயாத டிரைவருக்கு மனைவியின் முகத்தைப் பார்க்கத் தைரியமில்லை.

குர்ர்ர்.

மகள் பிளக்கைப் பிடுங்குகிறாள். திரை கறுக்கிறது, விசிறி சுற்றி ஓய்கிறது. குர்ர்ர் ஓயவில்லை. மெத்தையின் நடுவில் மெல்ல ஒரு குழி விழுகிறது. இடம் விடுவதுபோல அம்மா கையை நகர்த்திக்கொள்கிறாள். பிளக்கும் கையுமாக மகள் குனிந்து அந்தக் குழியருகே காதை வைக்கிறாள்.

“ஆமாம்மா” என்கிறாள், எழுப்பிவிடாத குரலில். “இங்கதான் இருக்கு.”