காசும் வேணும், பாலும் வேணும்

"நாய் 300. ஆடு 60. கறவை மாடு 250, தீவனம் உட்பட. பால் திருப்பித் தரப்படாது. பேரம் கிடையாது."

சுபியாவின் கொட்டகை வாசலில் தொங்கிய பலகையை ராஜகோபால் மறுபடியும் படித்தார். படிக்கப் படிக்க வயிறு எரிந்தது.

ஊருக்குப் போகிறவர்களின் ஆடு, மாடு, நாயை நாள் கணக்கில் பார்த்துக்கொள்வது சுபியாவின் தொழில். திருத்தணியில் வேறு யாரும் இதைச் செய்வதில்லை. அந்தத் திமிர்தான் பலகையில் எழுதியிருக்கிறது என்பது ராஜகோபாலின் கட்சி.

சென்னையில் மகள் வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்குப் போனவர் அப்படியே ஒரு மாதம் தங்கிவிட்டார். பசுவையும் கன்றையும் இங்கே விட்ட அன்று ரயிலுக்கு நேரமாகிவிட்டதால் பேரம் பேச முடியவில்லை. இன்றைக்கு நேரம் நிறைய இருந்தது.

"ஏழாயிரத்து ஐந்நூறா? இன்னாம்மா அநியாயம் இது. நம்ம பக்கம் கறவை மாட்ட ஒருத்தர்கிட்ட விட்டா, கறக்கிற பாலுதான் கூலி. தனியா துட்டு கேக்கிற பழக்கமே கிடையாது."

"ஆங், தெரியும் நைனா."

"தெரிஞ்சுமா பாலையும் எடுத்துகினு துட்டும் கேக்கிற?"

"எழுதித்தானே வெச்சிருக்கேன்."

சாணியை வாரிக்கொண்டே பதில் சொன்னாள். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. அதுதான் அவருக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

"மூவாயிரம் தர்றேன். வாங்கிக்க."

"கிரகப்பிரவேசத்துக்கு வாடகை மாடு வந்துதா நைனா?"

"வந்துதே. மூணாவது மாடி வரைக்கும் ஏத்துனாங்க."

"எவ்ளோ குடுத்தீங்க?"

"மூவாயிரம்." சொன்ன பிறகுதான், வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டது அவருக்குப் புரிந்தது.

"அரை மணி நேரத்துக்கும் மூவாயிரம், ஒரு மாசத்துக்கும் மூவாயிரமா? ஒரு ரூபா குறைக்க மாட்டேங்க."

எதிர் டீக்கடையில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். ராஜகோபால் குரலை உயர்த்தினார். பால் சொசைட்டியில் பெரிய கை அவர். மாடு வைத்திருப்பவர்கள் அவர் பேச்சைத் தட்ட மாட்டார்கள்.

"சொசைட்டில ஒரு வார்த்த சொன்னேன்னு வெச்சுக்க, ஒருத்தனும் இங்க மாட்ட ஓட்டிகினு வரமாட்டான்."

சுபியா கூடையைக் கீழே வைத்தாள். அடுத்த வாரம் முகூர்த்தம். நாலு வீட்டு மாடுகள் வருவதாக இருந்தன. இவர் வாயைத் திறந்தால் ஒன்றும் வராது, கொட்டகையை மூட வேண்டியதுதான். அது இரண்டு பேருக்கும் தெரியும்.

"சொல்லுங்க. பலகைய மாத்த மாட்டேன்."

இவ்வளவு நெஞ்சழுத்தமா என்று அவருக்குக் கோபம் தலைக்கேறியது.

"வேளைக்கு மூணு லிட்டர் கறக்கிற மாடு. முப்பது நாள் பாலையும் யாருக்கு ஊத்துன? கண்ணையன் கடைக்கா?"

"எனக்கா?" டீக்கடைக்காரர் கண்ணையன் அங்கிருந்தே குரல் கொடுத்தார். "நான் பாக்கெட் பாலுதாங்க வாங்குறேன். அந்தம்மாவே என்கிட்டதான் டீ வாங்கிக் குடிக்குது."

"அப்ப பாலு எங்க போச்சு?"

"அது என் கூலின்னு நீங்கதானே சொன்னீங்க நைனா. என் கூலிய நான் யாருக்கு வேணா குடுப்பேன். அதனாலதான் துட்டும் கேக்கிறேன்."

உள்ளே போய்ப் பசுவை அவிழ்த்து ஓட்டி வந்தாள். பின்னாலேயே ஒரு கன்று துள்ளிக்கொண்டு வந்தது. கொழுகொழுவென்று, முதுகு பளபளக்க, நின்ற இடத்தில் நிற்காமல் குதித்தது.

ராஜகோபாலுக்குத் தலைகால் புரியவில்லை. கையும் களவுமாகப் பிடித்துவிட்டார் அல்லவா.

"எல்லாரும் வந்து பாருங்கய்யா. கன்னுக்குட்டியவே மாத்திட்டா. இது எங்களுது இல்ல. எங்க கன்னுக்கு விலா எலும்ப எண்ணிடலாம்."

டீக்கடையில் இருந்தவர்கள் எழுந்து வந்தார்கள். பசு கழுத்தைத் திருப்பிக் கன்றை நக்கிக்கொடுத்தது.

சுபியா கயிற்றை அவர் கையில் கொடுத்தாள்.

"உங்களுதுதான் நைனா. அந்த எலும்ப மூடிகினு இருக்குது பாருங்க, அதான் நீங்க கேட்ட பாலு."