ஒன்பதாம் இலக்கம்

“அவனைப் பாருங்கோவன், என்ன வடிவு!” என்றாள் கஜேந்தினி, தொலைக்காட்சியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

ரஜீவன் பார்த்தான். கையால் விளையாடுகிற அமெரிக்கக் கால்பந்து. நீலச் சட்டை அணியில் பந்து எறிகிற ஒன்பதாம் இலக்கக்காரன் தலைக்கவசத்தைக் கழற்றி முடியைக் கோதினான். ரஜீவனும் தலையைத் தடவினான். கோத ஒன்றும் இருக்கவில்லை.

செப்டெம்பரில் ஒரு ஞாயிறு, காய்ச்சலோடு வேலையால் நேரத்தோடு வந்தபோதுதான் அவள் இந்த ஒன்பதாம் இலக்கக்காரனைத் திரையில் பார்த்துக்கொண்டிருந்ததைக் கண்டான். கல்யாணம் முடித்த நாளிலிருந்து ஒரு ஞாயிறும் விடாமல் பஸ் ஓட்டியவன், அதன்பிறகு ஞாயிறுதோறும், நோர்வேயில் ரொம்மன் பகுதியிலுள்ள தன் வீட்டுச் சோபாவில் காவல் இருக்கிறான்.

கைபேசி அடித்தது. பஸ் டிப்போவிலிருந்து கிளெமென்ற்.

“என்ன மச்சான், இண்டைக்கும் வரேல்லையோ? உந்த ரீமைப் பாக்கவோ நிக்கிறாய்? நாப்பது புள்ளி அடிச்சால் நாப்பத்தைஞ்சு விடுறாங்கள். அடிக்க ஆளிருக்கு, மறிக்க ஆளில்லை. நீயும் அப்பிடித்தானே, வெளியிலை உழைப்பு, வீட்டிலை ஆளில்லை!”

“அதுக்குத்தான்ரா இப்ப மறிக்க நிக்கிறன். வை போனை!”

ஒன்பதாம் இலக்கம் பந்தை எறிய, ஒருவன் பிடித்துக்கொண்டு ஓடிப் புள்ளி எடுத்தான். கஜேந்தினி கை தட்டினாள். அடுத்த நிமிடமே எதிரணிக்காரன் தடுப்பைப் பிய்த்துக்கொண்டு ஓடினான். அதற்கும் தட்டினாள்.

ரஜீவனின் கண்ணில் பட்டது அவள் போட்டிருந்த புது நீலச் சட்டை மட்டுந்தான். மேசையில் சுடச்சுட மட்டன் றோல்ஸ். அந்த ஒன்பதாம் இலக்கக்காரன் திரையில் வருகிற நாளில் மட்டும் றோல்ஸ்! அமெரிக்காவில் நிற்கிறவனுக்கு ஒன்றும் மிஞ்சக்கூடாது என்று, கோபத்தில் எட்டை முடித்தான்.

கடைசியில் நீலச் சட்டைகள் வழக்கம்போல அடித்தும் தோற்றார்கள். ஒன்பதாம் இலக்கம் முகத்தைப் பொத்திக்கொண்டு வெளியேறினான்.

“இனி எப்ப வருவினம்?” என்று கேட்டாள் அவள்.

“வரமாட்டினம்! சீசன் முடிஞ்சுது, இனிச் செப்டெம்பர்தான்.” ரஜீவனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. “வாற ஞாயிறிலையிருந்து நான் நிம்மதியா வேலைக்குப் போவன்.”

அவள் கண் கலங்கியது. அவன் எழுந்து அவள் முன்னால் போய் நின்றான்.

“அவனிலை அவ்வளவு விருப்பமோ? பேரென்ன, சொல்லு பாப்பம்!”

“எனக்கெங்கை தெரியும்? ஆர் எந்தப் பக்கமெண்டே விளங்காது.”

அவள் கண்ணைத் துடைத்துவிட்டு றிமோற்றை அழுத்தினாள். திரையில் நோர்வே இளைஞன் ஒருவன் பனிச்சறுக்குக் கட்டைகளோடு வானத்தில் பறந்துகொண்டிருந்தான்.

“இவன் போதுமோ, நீங்கள் வாற ஞாயிறும் வீட்டை நிக்க?”